அமெரிக்க கிராஃப்ட் பீரைச் சுவைத்து மதிப்பெண் இடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியிருப்போரும் அங்கே சென்று வருவோரும் கிராஃப்ட் பீரைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. அந்நாட்டில் 21 வயது நிரம்பியவர்களுக்கே மது விற்கப்படும் என்பதால் இதுவும் அவர்களுக்கு மட்டுமே உரியது. ஒரு பீர் எந்த வகையில் செய்யப்பட்டதோ அந்த வகைக்குரிய குணங்களுடன் வந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது எனக்குப் பிடித்ததா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் குழைத்துவிடுவதால்தான் பெரும்பாலான மதிப்பெண்கள் பிறருக்குப் பயன்படாமல் போகின்றன என்பதே கீழுள்ள விடைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கிராஃப்ட் பீர் என்று எதைச் சொல்ல வேண்டும்?

சிறிய ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் வகுத்துள்ள வரையறைதான் அமெரிக்காவில் பெரிதும் புழங்குகிறது. அதன்படி ஆலையின் உற்பத்தி ஆண்டுக்கு 60 லட்சம் பேரலைத் தாண்டக் கூடாது. ஒரு அமெரிக்க பீர் பேரல் என்பது 31 கேலன், அதாவது ஏறக்குறைய 117 லிட்டர். மேலும், தானே கிராஃப்ட் ஆலையாக இல்லாத வேறொரு மது நிறுவனத்தின் கையில் ஆலையின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-இல் ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் என்ற பன்னாட்டு பீர் நிறுவனம் வாங்கியது. மிச்சிகனின் பெல்ஸ் ஆலை 2021-இல் ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. வரையறையின்படி இரண்டும் இப்போது கிராஃப்ட் ஆலைகள் அல்ல. ஆனால் உரிமை கைமாறிய மறுநாள் கோப்பையில் இருக்கும் பீர் மாறிவிடுவதில்லை. யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்ய இந்த வரையறை உதவும். மதிப்பெண் இடும்போது அதை ஒதுக்கி வைப்பதே நேர்மை.

இந்த பீர்களுக்குத் தனிச் சுவை எப்படி வந்தது?

மதுவிலக்கு 1933-இல் முடிவுக்கு வந்த பிறகு எஞ்சிய ஆலைகளைப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விழுங்கிவிட, 1960-களில் நாடெங்கும் கிடைத்ததெல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரியான, குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டுச் செய்யும் லாகர் என்ற இளம் மஞ்சள் பீர்தான். மூடப்படவிருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் 1965-இல் ஃபிரிட்ஸ் மேடேக் பணம் போட்டார். 1976-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். அது ஆறேழு ஆண்டுகளுக்குள் மூடப்பட்டாலும் பின்வந்தோருக்கு முன்மாதிரியாக நின்றது. வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். இன்று பெயர் பெற்றிருக்கும் ஆலைக்காரர்களில் பலர் வீட்டு அடுப்பில் தொடங்கியவர்களே.

சுவையைப் பொறுத்தவரை இவையனைத்தையும்விட முக்கியமான ஆண்டு 1972. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் கேஸ்கேட் என்ற ரகம் அரசின் பயிர்ப்பெருக்கத் திட்டத்தின் வழியாக ஆரிகனில் வெளியான ஆண்டு அது. மண், மூலிகை, மலர் என்று அடங்கிய மணம் கொண்ட ஐரோப்பிய ரகங்களுக்கு மாறாக, இதில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியது போன்ற நெடி தூக்கலாக இருந்தது. ஆங்கர் 1975-இல் லிபர்ட்டி ஏலிலும் (ஏல் என்பது லாகரைவிடச் சற்றுச் சூடான நிலையில் நொதிக்கவிடும் பீர்), கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் கென் கிராஸ்மனும் பால் கமூசியும் தொடங்கிய சியரா நெவாடா ஆலை 1980 முதல் தன் பேல் ஏலிலும் இந்த ரகத்தைத் தாராளமாகப் பயன்படுத்தின. அமெரிக்க பேல் ஏல், அதைவிட ஹாப்ஸ் தூக்கலான அமெரிக்க ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்று இன்று தனி வகைகளாக நிற்பவை இந்த வழியில் வந்தவை. அமெரிக்க ஹாப்ஸ் விளைச்சலில் பெரும்பகுதி இன்றும் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில் இருந்தே வருகிறது.

ஒரே அமர்வில் எத்தனை பீர் சுவைக்கலாம்?

நான்கு முதல் ஆறு வரை. ஒவ்வொன்றிலும் 100 மில்லிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். ஆலைகளின் மதுக்கூடங்களில் 'ஃபிளைட்' என்று கேட்டால் சிறு கோப்பைகளில் வரிசையாகத் தருவார்கள். ஐந்து சதவீத ஆல்கஹால் கொண்ட 355 மில்லி பீரை அமெரிக்கச் சுகாதாரத் துறை ஓர் அளவு மது என்று கணக்கிடுகிறது. பீப்பாயில் முதிர்ந்த ஸ்டௌட் என்ற கரிய பீர் 14 சதவீதம் இருந்தால் அதே 355 மில்லி ஏறக்குறைய மூன்று அளவாகிவிடும். வண்டி ஓட்டுபவர் சுவைக்காமல் இருப்பதே நல்லது.

எந்தக் கோப்பை, எந்தக் குளிர்ச்சி?

உணவகங்களில் வழக்கமாகத் தரும் நேர்ச்சுவர் கொண்ட 473 மில்லி கோப்பை கழுவவும் அடுக்கவும் வசதியானது. மணத்துக்கு அது எதுவும் செய்வதில்லை. அடி அகன்று வாய் குவிந்த டியூலிப் கோப்பையோ சாதாரண வைன் கோப்பையோ மணத்தைத் தேக்கி மூக்குக்குக் கொடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பின் எண்ணெய்ப்பசை ஒட்டியிருந்தால் நுரை உடனே அமுங்கிவிடும், உள்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி நிற்கும். அப்படிக் கண்டால் குறை பீரில் இல்லை; கோப்பையை மாற்றிக் கேளுங்கள்.

உறைபெட்டியில் வைத்து வெண்பனி படிந்த கோப்பையில் பீர் தரும் இடங்கள் இன்னும் உண்டு. அந்தக் குளிரில் நாக்கு மரத்துப் போகும், மணமும் எழும்பாது. லாகருக்கும் அதில் ஒரு வகையான பில்ஸ்னருக்கும் 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், பேல் ஏலுக்கும் ஐபிஏவுக்கும் 7 முதல் 10, கனத்த ஸ்டௌட்டுக்கும் பார்லி வைன் என்ற வலுவான ஏலுக்கும் 10 முதல் 13 என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டௌட்டை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் பொறுத்தால் சாக்லேட்டும் உலர்பழமும் ஒவ்வொன்றாக வெளிப்படுவதை நீங்களே பார்க்கலாம்.

வெர்மான்ட் மாநிலத்தின் தி ஆல்கெமிஸ்ட் ஆலை தன் புகழ்பெற்ற ஹெடி டாப்பரை டின்னிலிருந்தே குடிக்கச் சொல்லி டின்னின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. மணம் வெளியேறிவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். குடித்து மகிழ அது சரிதான். மதிப்பெண் இடுபவருக்கு நிறத்தையும் நுரையையும் பார்க்க வேண்டிய கடமை இருப்பதால், ஆலையின் சொல்லை மீறிப் பாதியையாவது கோப்பையில் ஊற்றத்தான் வேண்டும்.

சுவைக்கும் முறை என்ன?

ஊற்றியவுடன் முதலில் மூக்குக்குத்தான் வேலை. மணத்தில் சில கூறுகள் ஓரிரு நிமிடங்களில் ஆவியாகிவிடும் என்பதால், நிறத்தை ஆராய்ந்து முடித்துவிட்டு மூக்கைக் கொண்டுபோனால் அவை கிடைக்காமல் போகலாம். கோப்பையை மெல்லச் சுழற்றி, இரண்டு மூன்று சிறு மோப்பங்களாக முகர்ந்து, மனத்தில் முதலில் தோன்றுவதை அப்படியே எழுதிவிடுங்கள். நீண்ட நேரம் முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு பழகிப் போய், இருந்ததும் இல்லாததாகிவிடும். அப்படி ஆனால் உங்கள் சட்டைக் கையையே ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்புவது நடுவர்களிடம் இருக்கும் எளிய பழக்கம்.

அடுத்தது தோற்றம். நிறம், தெளிவு, நுரையின் அளவு, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவற்றைப் பாருங்கள். கலங்கல் குற்றமா என்பது வகையைப் பொறுத்தது: பில்ஸ்னர் கண்ணாடி போல் தெளிந்திருக்க வேண்டும், கலங்கல் ஐபிஏ என்றும் சொல்லப்படும் நியூ இங்கிலாந்து பாணி ஐபிஏவோ பழச்சாறு போல் மங்கலாகவே இருக்கும்.

பிறகு வாய் நிறைய ஒரு மிடறு. முன்னால் தெரியும் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியத்தின்) இனிப்பு, நடுவில் எழும் ஹாப்ஸ் மணம், விழுங்கிய பின் எஞ்சும் கசப்பு என்று மூன்று கட்டங்களையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். வைன் சுவைப்போர் துப்பிவிடுவது போல பீர் நடுவர்கள் பொதுவாகத் துப்புவதில்லை. விழுங்கிய பின் மூச்சை மூக்கு வழியே வெளியே விடும்போது தொண்டையிலிருந்து மேலேறும் மணமும், அடிநாக்கில் தங்கும் கசப்பும் மதிப்பீட்டில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதே காரணம்.

கடைசியாக வாயுணர்வு. பீர் தண்ணீராக ஓடுகிறதா, கூழாக நிற்கிறதா. வாயு கூர்மையாகக் குத்துகிறதா, மென்மையாக இருக்கிறதா. ஆல்கஹால் தொண்டையைச் சுடுகிறதா. கொட்டைப்பாக்கை மென்றது போன்ற துவர்ப்பு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஐபிஏக்களில் ஹாப்ஸை அளவுக்கு மீறிச் சேர்த்தால் இந்தத் துவர்ப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கால் பங்கு பீரைக் கோப்பையில் விட்டுவைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி சுவையுங்கள். குளிர் மறைத்திருந்த குறைகளும் நிறைகளும் அப்போது வெளிப்படும்.

எதை முதலில் சுவைப்பது?

மெலிந்ததிலிருந்து கனத்தது நோக்கி: லாகர், கோதுமை பீர், பேல் ஏல், ஐபிஏ, ஸ்டௌட் என்ற வரிசை பெரும்பாலும் பொருந்தும். ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடிய இரட்டை ஐபிஏ ஒன்றைக் குடித்த நாக்குக்கு அடுத்த அரை மணி நேரம் எந்த பில்ஸ்னரும் தண்ணீர்தான்.

இடையில் எதைச் சாப்பிடலாம்?

வெறும் தண்ணீரும், உப்போ வெண்ணெயோ அதிகமில்லாத ரொட்டித் துண்டும் போதும். மிளகாய்க் காரம் ஹாப்ஸ் கசப்பையும் ஆல்கஹாலின் சூட்டையும் பெருக்கிக் காட்டும் என்பதால், காரக்குழம்பு சாப்பிட்ட கையோடு ஐபிஏவுக்கு மதிப்பெண் இடுவது அந்த ஆலைக்குச் செய்யும் அநீதி. காபியும் ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும்.

தேதி பார்த்து வாங்க வேண்டுமா?

கட்டாயம். என் கருத்தில், பீருக்குக் கிடைக்கும் குறைந்த மதிப்பெண்களில் கணிசமானவை ஆலைக்குப் போக வேண்டியவையே அல்ல. வெயில் படும் கடையின் அலமாரிக்குப் போக வேண்டியவை. ஹாப்ஸ் மணம்தான் முதலில் வாடும். ஐபிஏவை அடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், கலங்கல் ஐபிஏவாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக, குளிரில் வைத்திருந்து குடித்துவிட வேண்டும். கலங்கல் ஐபிஏவில் ஆக்சிஜன் புகுந்தால் பொன்னிறம் மங்கிச் சாம்பலும் பழுப்புமாக மாறும். பழமணம் போய் மந்தமான இனிப்பு மட்டும் எஞ்சும். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை, பிளைனி தி எல்டர் என்ற தன் இரட்டை ஐபிஏவைப் பழசாக விடாமல் குடித்துவிடும்படி பாட்டிலின் லேபிளிலேயே திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறது.

டின்னின் அடியில் அடைத்த தேதியை அச்சிடும் ஆலைகளை நம்பி வாங்கலாம். 'இதற்குள் குடிக்கவும்' என்ற தேதியை மட்டும் போடும் ஆலைகளில் அந்தக் கெடு மூன்று மாதமா ஆறு மாதமா என்பது வெளியே தெரியாது. தேதியே இல்லாத ஐபிஏவைக் கடையில் விட்டுவிடுங்கள். பீப்பாயில் முதிர்ந்த ஸ்டௌட், பார்லி வைன், சில புளிப்பு பீர்கள் ஆகியவை மட்டும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிக்கத் தக்கவை. அவற்றிலும் எல்லாமே முதிர்ந்தால் மேம்படும் என்பதில்லை.

மதிப்பெண்ணோடு அடைத்த தேதியையும், டின்னா பாட்டிலா குழாயா என்பதையும் எழுதுவது அவசியம். அவை இல்லாத குறிப்பைப் படிப்பவருக்கு, தான் வாங்கப் போகும் பீரும் நீங்கள் குடித்த பீரும் ஒன்றுதானா என்று தெரிய வழியில்லை.

குறைபாட்டை எப்படி அடையாளம் காண்பது?

சில குறைகளுக்கு நிலையான மணம் உண்டு; அவற்றை ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு தப்பாது. திரையரங்கு பாப்கார்ன் மேல் ஊற்றும் வெண்ணெயின் வாசனை வந்தால் அது டயசெட்டில். நொதிக்கும்போது ஈஸ்ட்டிலிருந்து அது உண்டாகிறது. போதிய அவகாசம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும். அவசரப்பட்டு பீரைக் குளிர்வித்த ஆலையிலும், குழாய்களைச் சரியாகக் கழுவாததால் பாக்டீரியா குடியேறிய மதுக்கடையிலும் அது தங்கிவிடுகிறது. ஒரே பீர் டின்னில் சுத்தமாகவும் குழாயில் வெண்ணெயாகவும் இருந்தால் குற்றம் கடையுடையது.

வேகவைத்த மக்காச்சோளத்தின் வாசனை டைமெத்தில் சல்ஃபைடைக் குறிக்கும். வெளிர் மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் சிதைந்து இதுவாக மாறுகிறது. கொப்பரையைத் திறந்துவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். பச்சை ஆப்பிள் நெடி அசிட்டால்டிஹைடு. பெரும்பாலும் இளம் பீரை அவசரமாக அடைத்ததன் விளைவு. நனைந்த அட்டைப்பெட்டி போன்ற வாசனை ஆக்சிஜன் புகுந்து பீர் பழசானதைச் சொல்கிறது. பழைய பாலாடைக்கட்டியின் நாற்றம் கெட்டுப்போன ஹாப்ஸிலிருந்து வரும். மருந்துக் கட்டு பிளாஸ்திரியின் வாசனை இருந்தால் குளோரின் கலந்த தண்ணீரையோ காட்டு ஈஸ்ட்டையோ சந்தேகிக்கலாம்.

ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணியின் பெயரால் அழைக்கப்படும் நாற்றம் தனிக்கதை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டுச் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறும்போது அது உண்டாகிறது. நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது, டின்னுக்குள் வெளிச்சம் நுழையவே நுழையாது. கிராஃப்ட் ஆலைகள் டின்னுக்கு மாறியதில் சுவைப்போருக்குக் கிடைத்த லாபங்களில் இது ஒன்று.

இவற்றில் எதையும் வகையைப் பார்க்காமல் குறை என்று தீர்ப்பிட்டுவிடக் கூடாது. ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் வர வேண்டியவை. அதே மணம் அமெரிக்க பேல் ஏலில் வந்தால் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று பொருள். செக் பாணி லாகரில் இலேசான வெண்ணெய் வாசனைக்கு இடமுண்டு. புளிப்பு, பெர்லினர் வைஸ் வகையின் உயிர். பில்ஸ்னரில் அது தொற்றின் அடையாளம்.

லேபிளில் உள்ள எண்களை எவ்வளவு நம்பலாம்?

ஆல்கஹால் சதவீதம் பயனுள்ளது. ஐபியு என்ற கசப்பு எண் அவ்வளவாக இல்லை. ஒரு லிட்டர் பீரில் கசப்புப் பொருள் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்பதை அது தோராயமாகச் சொல்கிறதே தவிர, நாக்கு எவ்வளவு கசப்பை உணரும் என்பதைச் சொல்வதில்லை. மால்ட்டின் இனிப்பு நிறைந்த இம்பீரியல் ஸ்டௌட் 60 ஐபியு இருந்தும் சாதுவாகத் தோன்றும். 38 ஐபியு கொண்ட சியரா நெவாடா பேல் ஏல் அதைவிடக் கசப்பாகப் படலாம்.

நடுவர்கள் மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறார்கள்?

வீட்டுத் தயாரிப்புப் போட்டிகளுக்காக 1985-இல் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் தாள்தான் பரவலாகப் பயன்படுகிறது. அதைப் பிஜேசிபி என்பார்கள். அதில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 10. இதில் 45-உம் அதற்கு மேலும் பெறுவது அரிய பீர். 38 முதல் 44 வரை மிகச் சிறந்தது. 30 முதல் 37 வரை மிக நல்லது. 21 முதல் 29 வரை நல்லது. 14 முதல் 20 வரை சுமார். அதற்கும் கீழே இருப்பது கோளாறு உள்ளது. நடுவராக விரும்புவோர் இணையவழித் தேர்வில் தேறிய பின் சுவைத் தேர்வு எழுத வேண்டும். அதில் 90 நிமிடத்தில் ஆறு பீர்களுக்கு முழுத்தாள் நிரப்ப வேண்டும்.

தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்குவோர் பலர் நிறத்தையும் நுரையையும் பற்றி அரைப்பக்கம் எழுதிவிட்டுச் சுவைக்கு ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1996-இல் தொடங்கிய பீர் அட்வகேட் தளத்தின் முறையிலும் தோற்றத்துக்கு 6 சதவீதம்தான். மணத்துக்கு 24, சுவைக்கு 40, வாயுணர்வுக்கு 10, ஒட்டுமொத்தத்துக்கு 20.

வணிகப் போட்டிகளின் வழி வேறு. 1982 முதல் கொலராடோவில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஆலையின் பெயர் மறைக்கப்பட்டு, ஒரே வகையைச் சேர்ந்த பீர்கள் எண்ணிட்ட கோப்பைகளில் நடுவர் மேசைக்கு வரும். அவர்கள் கலந்து பேசித் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தீர்மானிக்கிறார்கள். தகுதி இல்லையென்றால் பதக்கத்தைக் கொடுக்காமல் நிறுத்தவும் செய்யலாம்.

எனக்குப் பிடிக்காத வகைக்கு எப்படி மதிப்பெண் இடுவது?

இரண்டு எண்கள் இடுங்கள். 50-க்கு ஒன்று, வகைக்குப் பொருந்துகிறதா, குறை இல்லாமல் செய்யப்பட்டதா என்பதற்கு. அதன் பக்கத்தில், மறுபடி காசு கொடுத்து வாங்குவேனா என்பதற்கு ஆம் அல்லது இல்லை. மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஒயிட்டைப் பாருங்கள்: பெல்ஜிய பாணியில் கோதுமையோடு கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துச் செய்த பீர். மல்லியை ரசத்தில் மட்டுமே ஏற்கும் நாக்குக்கு இது பிடிக்காமல் போகலாம். அப்போதும் அந்த வகையில் அது எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்ட பீர் என்பதை மறுக்க முடியாது. 42 என்று எழுதி, பக்கத்தில் 'வாங்க மாட்டேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு இரண்டும் பயன்படும்.

வகையின் இலக்கணத்தையே தெய்வவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். கலங்கல் ஐபிஏ வெர்மான்டில் புகழ்பெற்ற காலத்தில் அதற்கு இலக்கணமே கிடையாது. புரூவர்ஸ் அசோசியேஷன் தன் வகைப் பட்டியலில் அதைச் சேர்த்தது 2018-இல்தான். அதற்கு முன்பு பழைய அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த நடுவருக்கு ஹெடி டாப்பர் வெறும் கலங்கிய ஐபிஏ.

பொதுமக்கள் மதிப்பெண் தளங்களை நம்பலாமா?

ஒரே வகைக்குள் ஒப்பிடுவதற்கு ஓரளவு நம்பலாம். வகைகளுக்கு இடையே ஒப்பிட நம்பக் கூடாது. இத்தகைய தளங்களின் உச்சிப் பட்டியல்களைத் திறந்தால் இம்பீரியல் ஸ்டௌட்டும் இரட்டை ஐபிஏவும் வரிசையாக நிற்கும். லாகரைத் தேட வேண்டியிருக்கும். பல பீர்களில் ஒரு மிடறு குடித்து மதிப்பெண் இடுபவருக்கு உரத்த சுவையே நினைவில் நிற்கும் என்பது ஒரு காரணம். அபூர்வமான ஸ்டௌட்டைத் தேடிப் போய் வாங்குபவர் ஏற்கெனவே அந்த வகையின் ரசிகர், சாதாரண லாகருக்கோ எல்லாரும் மதிப்பெண் இடுகிறார்கள் என்பது மற்றொன்று. கலிபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலையின் பிவோ என்ற பில்ஸ்னர் 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மேற்சொன்ன கொலராடோ விழாவில் தன் வகையில் தங்கம் வென்றது. பெயர் மறைத்துச் சுவைத்த நடுவர்கள் மும்முறை முதலிடம் தந்த அந்த பீரைப் பொதுப் பட்டியலின் உச்சியில் எதிர்பார்க்க முடியாது.

2010-இல் வந்த அன்டாப்ட் செயலியில் ஐந்துக்குக் கால் கால் புள்ளியாக இடலாம்; பெரும்பாலோர் மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையிலேயே நின்றுவிடுவதால் 3.8-க்கும் 3.9-க்கும் உள்ள இடைவெளியில் பொருள் தேடுவது வீண். தளத்தின் உரிமையாளர் யார் என்பதையும் பாருங்கள். 2000-இல் தொடங்கிய ரேட்பீர் தளம் பிற்பாடு முழுமையாக ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் வசம் போனது. ஆலைக்காரரே மதிப்பெண் பலகையையும் வைத்திருப்பது சரியா என்று சில கிராஃப்ட் ஆலைகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அரிய பீர் உண்மையிலேயே அவ்வளவு சிறந்ததா?

சில சிறந்தவை. ஆனால் அரிதாக இருப்பதே மதிப்பெண்ணில் கலந்துவிடுகிறது. ரஷ்யன் ரிவர் ஆலை ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு வாரங்களுக்கு மட்டும் பிளைனி தி யங்கர் என்ற மும்மடங்கு ஐபிஏவை வெளியிடும். அதற்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். அத்தனை நேரம் நின்றவர் கோப்பையைக் கையில் வாங்கும்போதே நாலரை கொடுத்தாகிவிட்டது. நல்ல பீர்தான், மறுக்கவில்லை; ஆனால் அதே ஆலையின் பிளைனி தி எல்டர் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது, வீட்டு பீர் தயாரிப்போர் சங்க இதழின் வாசகர்கள் 2009 முதல் 2016 வரை அதையே நாட்டின் சிறந்த பீராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஐயம் தீர வேண்டுமானால் பெயர் மறைத்துச் சுவையுங்கள். நண்பர் ஒருவர் மூன்று கோப்பைகளில் ஊற்றட்டும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். ஆலைகளின் சோதனைக்கூடங்களிலும் இதே முக்கோணச் சோதனை நடக்கிறது. மும்மடங்கு விலை கொடுத்து வாங்கியதை அடுத்த அலமாரியில் இருந்ததிலிருந்து பிரித்தறிய முடியாதபோது பலருக்கும் முகம் வாடும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி தர முடியுமா?

'அருமை', 'சூப்பர்' என்ற சொற்களைத் தவிர்த்து, படிப்பவர் தானே சோதித்துப் பார்க்கக் கூடிய சொற்களை எழுத வேண்டும். அமெரிக்கர் எழுதிய குறிப்புகளில் வரும் பழங்களையே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் ரகங்களில் மாம்பழம், கொய்யா, சாத்துக்குடித் தோல், நாரத்தை இலை என்று நம் மூக்குக்குப் பழகியவை ஏராளம் கிடைக்கும். ரகத்தையும் பழத்தையும் துல்லியமாகச் சொன்னால் போதும். சியரா நெவாடா பேல் ஏலுக்கு ஒரு மாதிரி:

'355 மில்லி பாட்டில், அடைத்து ஐந்து வாரம், 8 டிகிரி, டியூலிப் கோப்பை. மணத்தில் முதலில் பம்பளிமாஸ் தோல், பின்னால் பைன் பிசின், அடியில் இலேசாக வறுத்த ரொட்டி. செம்பொன் நிறம், சிறு மங்கல், வெண்ணுரை நெடுநேரம் நிற்கிறது. மால்ட்டின் இனிப்பு முன்னால் வந்து நடுவிலேயே ஒதுங்க, கசப்பு உறுதியாக எழுந்து சுத்தமாக முடிகிறது. ஒட்டும் துவர்ப்பு இல்லை. நடுத்தர உடல், சீரான வாயு. 5.6 சதவீத ஆல்கஹால் தனியே தெரியவில்லை. வகைக்கு 50-க்கு 41. மறுபடி வாங்குவேன்.'

பாட்டிலிலேயே மறுநொதித்தல் நடப்பதால் அந்தச் சிறு மங்கலுக்கு மதிப்பெண் குறைக்கப்படவில்லை.

இட்ட மதிப்பெண்ணைப் பிறகு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் பழையதை அழிக்காமல், தேதியிட்டுக் கீழே எழுதுங்கள். ஒரே பீரை வெவ்வேறு தொகுதிகளில் இரண்டு மூன்று முறையாவது சுவைக்காமல் 45-க்கு மேலோ 14-க்குக் கீழோ இடுவதைத் தவிர்க்கலாம்.

வீட்டில் பயிற்சி செய்ய எளிய வழி உண்டா?

எளிதில் கிடைக்கும் ஒரே பேல் ஏலில் மூன்று பழுப்புப் பாட்டில்கள் வாங்குங்கள். ஒன்று குளிர்பெட்டியில் இருக்கட்டும். இன்னொன்றைச் சமையலறையின் சூடான, ஆனால் இருண்ட அலமாரியில் ஒரு மாதம் வையுங்கள். மூன்றாவதைச் சுவைக்கும் நாளன்று தெளிந்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஜன்னல் வெயிலில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி குளிர்வியுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று தெரியாதபடி வீட்டில் வேறொருவரை நகர்த்தி வைக்கச் சொல்லி முகருங்கள். வெயில் பட்டதை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அலமாரியில் இருந்ததைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். முதலில் பம்பளிமாஸ் மணம் குறைந்திருப்பதும், பிறகு தேன் போன்ற மந்த இனிப்பும் தெரியத் தொடங்கும். கடையில் தேதி பார்க்காமல் வாங்கிய பீரில் அடுத்த முறை அந்த இனிப்பு வந்தால், ஆலையின் பெயருக்கு எதிரே குறைந்த மதிப்பெண் எழுதும் முன் பாட்டிலைத் திருப்பி அடைத்த நாளைப் பாருங்கள்.